இருபது நாற்காலிகள்

காலி நாற்காலிக்குப் பயப்படாமல் பாடக்கூடிய ஒரே கலைஞன் இந்தத் தலைமுறையில் சௌரிதான். அதை அவனே சொன்னான். இளம் பாடகர்களுக்காக எங்கள் அறக்கட்டளை யார் வீட்டுக் கூடத்திலாவது மாதம் ஒரு கச்சேரி வைக்கும். இருபது நாற்காலி போடுவோம். நான் படம் எடுப்பேன். படத்தில் கூடம் நிறைந்திருந்தால்தான் பாடியவருக்கு அடுத்த வாய்ப்பு. போன மாதம் பாடிய அபிதா, காலி நாற்காலிகளை மடக்கிச் சமையலறையில் ஒளித்துவிட்டாள். "பாட வந்தியா, பந்தல் பிரிக்க வந்தியா?" என்று எல்லார் முன்பும் கேட்டு அவளை அழவைத்தான் சௌரி.

இன்று அவன் முறை. கேட்க உட்கார்ந்தவர்கள் வீட்டுக்காரரையும் சேர்த்து நான்கு பேர். மிருதங்கம் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் இருவர் வழக்கம்போலக் காபிக்கு எழுந்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம், தூங்கிவிட்ட வீட்டுக்காரரும் அபிதாவும். நான் கேமராவை எடுத்தேன்.

"ஒரு நிமிஷம்டா" என்று முணுமுணுத்து சௌரி ஜமுக்காளத்திலிருந்து எழுந்தான். வலது கை தொடையில் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருக்க, இடது கையால் ஒவ்வொரு நாற்காலியாகச் சத்தமில்லாமல் மடக்கினான். அபிதா எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி இப்போது காலி. அதையும் மடக்கினான்.