கண் தெரிந்த சாட்சி

“பதினோராயிரத்து நானூத்து அறுபது. எண்ணிப் பாத்துக்குங்க சார். இதோட என் கடன் முடிஞ்சுது.”

மில்லுக்காரி நோட்டுக் கட்டை மேஜைமேல் வைத்தாள். வங்கி மேலாளர் கட்டைத் தொடாமல், அவளுக்குப் பின்னால் நின்ற மூட்டைக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

“அம்மா சரியா எண்ணித்தான் கொண்டு வந்திருக்காங்களா?”

மூட்டைக்காரர் திருதிருவென்று விழித்தார். அவளுடைய மாவு மில்லில் மூட்டை இறக்குபவர் அவர். யார் வீட்டு மூட்டை எத்தனை என்று சீட்டே இல்லாமல் சாயங்காலம் வரை நினைவில் வைத்துச் சொல்வார். ஆனால் இந்த மாதிரி இடத்துக்கு வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

“கண்ணுதான் சார் தெரியாது. காது நல்லாவே கேக்குது, என்கிட்டயே கேக்கலாம்,” என்றாள் மில்லுக்காரி. “உங்க லிஃப்ட்கூட ‘முதல் மாடி’ன்னு என்கிட்டதான் சொல்லுச்சு. வாசல்ல சரிவுப் பாதை போட்டிருக்கீங்க. தரையில காலுக்குத் தெரியற மாதிரி கல்லு பதிச்சிருக்கீங்க. யார் கையும் பிடிக்காம உங்க மேஜை வரைக்கும் வந்துட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம்தான் இன்னும் வழியக் காணோம்.”

மேலாளர் கனைத்துக்கொண்டு பணத்தை எண்ணினார். சரியாக இருந்தது. அச்சடித்த விண்ணப்பப் பாரம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“இதுல சாட்சி கையெழுத்து வேணும்மா. போன மாசமே சொன்னேனே.”

“சொன்னீங்க, திருப்பி அனுப்பினீங்க. அந்த ஒரு மாச வட்டியும் சேத்துத்தான் இன்னிக்குக் கட்டியிருக்கேன். முப்பத்தஞ்சு தவணை தனியா வந்து கட்டினேனே, பணத்தை வாங்கிப் போடும்போது ஒரு தடவையாவது சாட்சி கேட்டீங்களா? அடகு வெச்ச மில்லுப் பத்திரத்தைத் திருப்பிக் குடுக்க மட்டும் சாட்சியா?”

“உங்க நல்லதுக்குத்தாம்மா. என்ன எழுதியிருக்குன்னு தெரியாம நீங்க கையெழுத்துப் போட்டு, யாராவது ஏமாத்திட்டா?”

“இந்த மேஜையில நீங்க ஒருத்தர்தானே சார் இருக்கீங்க?”

பக்கத்துக் கவுண்டரில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் பையிலிருந்து போனை எடுத்துப் பாரத்துக்கு மேலே பிடித்தாள். போன் வறட்டுக் குரலில் பாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தது. இன்னொரு தடவையும் வாசிக்க விட்டாள். மூட்டைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சுட்டுவிரல் மட்டும் தொடைமேல் ஏதோ கோடு இழுத்தபடி இருந்தது.

“கேட்டாச்சு. பத்து வயசு வரைக்கும் கண்ணு தெரிஞ்சவதான் நான். எழுத்து இன்னும் கையில இருக்கு. பேனா குடுங்க.”

“போன் படிச்சா செல்லாதும்மா. மனுஷன் படிச்சுக் காட்டணும். விதி அப்படி.”

“அந்த விதியை மாத்தச் சொல்லி உங்க மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் விடப் போறதில்ல. ஆனா இன்னொரு மாச வட்டிக்கு என்னால மாவு அரைக்க முடியாது. பத்திரம் இல்லாம இன்னிக்கு இந்த மாடியை விட்டு இறங்க மாட்டேன். சாட்சிக்கு என்ன தகுதி வேணும்? சொல்லுங்க.”

“கண்ணு தெரியணும்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்.”

“யோசிக்க என்னம்மா இருக்கு? கண்ணு தெரிஞ்சா போதும்.”

அவள் திரும்பினாள். “அண்ணே, நீங்க சாட்சி போடுங்க.”

“நானா?” மூட்டைக்காரர் ஓரடி பின்வாங்கினார். “வேணாம் தங்கச்சி. வேற யாரையாவது...”

“கண்ணு தெரியுதுல்ல?”

“அது தெரியுது.”

“அப்ப முன்னாடி வாங்க. சார் கேக்கறது அது மட்டும்தான்.”

மேலாளர் பாரத்தை நீட்டினார். மூட்டைக்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ஒரு நிமிடம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு கடன் எண், தொகை, தேதி, பத்திரம் திருப்பித் தரும் நிபந்தனை என்று ஒரு சொல் விடாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“பலே! கண்ணாடிகூட இல்லாம கடகடன்னு படிக்கிறீங்களே பெரியவரே,” என்றார் மேலாளர். “பாருங்கம்மா, எவ்வளவு சுலபமா முடிஞ்சுது. இதுக்குப் போய் இத்தனை தகராறு!”

மில்லுக்காரி பேனாவை வாங்கி, மேலாளர் காட்டிய இடத்தில் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். மூட்டைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, பேனாவை ஆணி மாதிரி அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைத்தார். ஒரு மூட்டை இறக்கும் நேரம் ஆனது அதற்கு.

‘கடன் தீர்ந்தது’ என்று முத்திரை விழுந்தது. பத்திரம் கைக்கு வந்தது. அவள் அதன் நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள்.

“பெரியவரே, ஒண்ணு விட்டுப்போச்சு,” என்றார் மேலாளர். “பேருக்குக் கீழ உங்க அட்ரஸையும் எழுதிடுங்க.”

மூட்டைக்காரர் பேனாவை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“மில்லுல மாவைப் பரப்பி, என் விரலைப் பிடிச்சு, தங்கச்சி இப்பத்தான் சார் எழுத்து சொல்லிக் குடுக்குது. பேரு வரைக்கும்தான் வந்திருக்கேன், அட்ரஸ் அடுத்த வாரம்.”