பழைய இசைத்தட்டில் ஓர் இருமல்

ஒரே ஜாஸ் கச்சேரியின் மூன்று மறுபதிப்புகளையும், புதிதாகக் கைக்கு வந்த பழைய இசைத்தட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுத் தியோடர் சலித்துப்போனார். நான்கும் ஒன்றுபோலவே ஒலித்தன. பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரைச்சலை வடிகட்டிப் பேச்சைத் துல்லியமாக்கும் காதுப்பொட்டுகளை, ஊரில் எல்லாரையும் போல, அவரும் காதிலிருந்து கழற்றுவதே இல்லை.

இரண்டையும் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுப் பழைய தட்டை மறுபடி சுழலவிட்டார். கீறல்கள் படபடவென்று பொரிந்தன. பியானோ ஓய்ந்த இடத்தில் யாரோ இருமினார்கள். அவருக்குப் புல்லரித்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் கச்சேரி கேட்க வந்த எவரோ ஒருவர். இந்த ஓர் இருமலுக்கே பழைய தட்டை வாங்கியது தகும்.

இன்னொரு முறை கேட்க முள்ளைத் தூக்கினார். பாட்டு நின்றது. இருமல் நிற்கவில்லை.

சமையலறையில் அவர் மனைவி மெர்சி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள்.

"எப்பலேர்ந்து மெர்சி இது?"

அவள் நிமிர்ந்தாள். கரகரத்து, பாதி வெறும் காற்றாக வந்த அந்தக் குரலை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. ஏழு மாசமா உங்க காதுல விழுது, ஒரு வார்த்தை கேக்கலியேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."