ஒரே ஒரு முகவரி

"நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?" என்று, அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று அண்ணன் கேட்டிருந்தான். அண்ணி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவன் மகள் தூங்குவது அத்தையான இவள் மடியில்தான். இப்போதும் அங்கேதான் தூங்குகிறாள். ஜன்னல் வெயில் கணினித் திரையின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். அந்தத் தளம் மட்டும் திறக்கவில்லை. "சர்வர் படுத்துடுச்சு பாப்பா. அதுக்கும் உன்னை மாதிரி பகல் தூக்கம்," என்று ஒரு வாரமாகத் தங்கையிடம் சொல்லிவரும் அண்ணன், கண்ணாடி முன் தலை வாருகிறான். மடியிலிருக்கும் குழந்தை அசையாதபடி அவள் ஒற்றைக் கையால் பிரவுசரை மூடித் திறக்கிறாள். அது சேமித்து வைத்திருந்ததையெல்லாம் அழித்துப் பார்க்கிறாள். வெறும் வெள்ளைதான். திரையின் மூலையில், யாரும் தொடாத இன்னொரு பிரவுசர் இருக்கிறது. அதில் முகவரியைத் தட்டியதும் பக்கம் பளிச்சென்று விரிகிறது. அவளுக்குச் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. முதல் பிரவுசருக்கே திரும்பி அமைப்புகளைத் துழாவுகிறாள். 'தடுக்கப்பட்ட தளங்கள்' என்பதன்கீழ் ஒரே ஒரு முகவரி. வீட்டில் இதையெல்லாம் செய்யத் தெரிந்தவனும் ஒரே ஒருவன். "அண்ணா, வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே. ஏன் சர்வர் மேல பழி போட்டே?" சீப்பு தலையிலேயே நிற்கிறது. கண்ணாடிக்குள் அவன் கண்கள் அவளைத் தாண்டிக் குழந்தைமேல் விழுகின்றன. பால் புட்டியை எடுத்துவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைக்கிறான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போகிறான்.