மயில் சொன்ன ஆஸ்பத்திரி வரலாறு

ஒரு மழைக்காலத்தில், பாம்பு கடித்த தன் குட்டியை மருந்து கிடைக்காமல் பறிகொடுத்தது ஒரு வெள்ளாடு. இனி எந்தக் குட்டியும் இப்படிச் சாகக் கூடாது என்று, மரத்தடியில் பச்சிலை அரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மற்ற பிராணிகளும் கூடி மண் சுமந்தன, கூரை வேய்ந்தன. அதுவே காட்டின் ஆஸ்பத்திரி ஆனது.

மயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் பத்தாம் ஆண்டு விழாவில் ஆஸ்பத்திரி பிறந்த கதையைப் பேச அதைத்தான் அழைத்தார்கள். மேடைக்கு எடுப்பாக இருக்குமாம்.

"ஒரு நாள் நான் இங்கே தோகை விரித்தேன். அந்த நிழலில்தான் இந்த ஆஸ்பத்திரி பிறந்தது!" என்றது மயில். மண் சுமந்தவர்களும் சேர்ந்துதான் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த வெள்ளாட்டைப் பார்த்து, "உங்களுக்கு என்ன நோவும்மா?" என்று அன்பாக விசாரித்தது மயில்.

வெள்ளாடு வாய் திறப்பதற்குள், கால் கிழிந்த முயல் ஒன்று ரத்தம் சொட்ட நொண்டிக்கொண்டு வந்தது.

"விழா முடியட்டும், அப்புறம் வா" என்றது மயில்.

"நீ உள்ளே வா கண்ணு" என்று வெள்ளாடு எழுந்துபோய்க் கட்டுப் போட்டது.

முயல் நடந்து வெளியே வந்ததும் மயில் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பார்த்தீர்களா? நான் இருக்கும் இடத்தில் நோயாளி காத்திருப்பதே இல்லை!"