கடுகளவு வித்தியாசம்

"கையை முட்டி மேல வையுங்க. தொட்டுப் பார்க்கக் கூடாது, ஆமா" என்றாள் எவாந்தியா, கணவனின் கண்ணைக் கட்டிவிட்டு.

"காது இருக்கறப்போ கை எதுக்கு?" என்று லெஃப்டெரிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மதியம். வோலோஸ் நகரமே தூங்கும் நேரம். இப்போது பாட்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரி துடைப்பக்கட்டையால் இடிப்பாள். அதற்காகத்தான் முதல் ஹெட்போன் வாங்கினான். அதே கம்பெனியின் உசத்தி ரகம், பத்து மடங்கு விலையில், இந்த மாதம் வந்து இறங்கியதற்கு மட்டும் அவனிடம் காரணம் இல்லை.

"முதல் ஹெட்போன் வாங்கினப்போ எனக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. பாடறவங்க பக்கத்துல வந்து நின்ன மாதிரி இருந்தது. இதுல கூடுதலா என்ன கிடைச்சுது? ஒரு கடுகளவு!"

"அந்தக் கடுகுதான்டி சங்கீதம்!"

கண்ணைக் கட்டி நிரூபிக்கிறேன் என்று சொன்னவனும் அவன்தான். இரண்டிலும் சத்தத்தை அவனே ஒரே அளவாக வைத்தான். சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் கேட்குமாம்.

"புதுசு எதுன்னு சரியாச் சொன்னா நீங்களே வெச்சுக்குங்க. இல்லேன்னா நாளைக்குத் திருப்பி அனுப்பணும், நாளையோட கெடு முடியுது. அந்தக் காசுல கோடைக்கு ஸ்கியாதோஸ் தீவு. பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். நடுவர் சாட்சி."

நடுவர், எவாந்தியாவின் தம்பி ஸ்டாதிஸ், சோபாவில் கொட்டாவி விட்டான். "சீக்கிரம் முடிங்க அத்தான். கடல்ல மீனெல்லாம் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

"போக வேண்டியதுதானே, மச்சான்?"

"எங்க போறது? அக்கா விட்டாத்தானே!"

எவாந்தியா ஒரு ஹெட்போனைக் கணவன் தலையில் மாட்டினாள். கிளாரினெட் ஒலித்தது. பிறகு அதைக் கழற்றி, மற்றதை மாட்டினாள்.

"ரெண்டாவதுதான் புதுசு!" என்றான் லெஃப்டெரிஸ் உடனே. "வாசிக்கறவன் மூச்சு இழுக்கறது கூடக் கேக்குது. முதல்ல போட்டது, போர்வைக்குள்ள உட்கார்ந்து வாசிச்ச மாதிரி இருக்கு."

ஸ்டாதிஸுக்கு இருமல் வந்தது.

மாற்றி மாற்றி ஐந்து தடவை. ஒரு தடவைகூட அவன் தயங்கவில்லை. கடைசியில் பாட்டு முடியும்வரை கூடக் காத்திருக்கவில்லை, தலையில் வைத்ததுமே "புதுசு!" என்றான்.

"எத்தனை சரி, மச்சான்?" என்று கண்கட்டை அவிழ்த்தான்.

"ஒண்ணுகூட இல்லை, அத்தான். அஞ்சும் தப்பு."

"இருக்கவே முடியாது! புதுசுதானே கனம்? ஒவ்வொரு தடவையும் கனமானதைத்தானே நான்..." லெஃப்டெரிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கனமா?" எவாந்தியா இடுப்பில் கை வைத்தாள். "மூச்சு கேக்குதுன்னீங்க?"

அவன் மேசையைப் பார்த்தான். பழைய ஹெட்போனின் மேல்பட்டை முழுக்கக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. உள்ளே ஏதோ குண்டு குண்டாகப் புடைத்திருந்தது.

ஸ்டாதிஸ் சோபாவிலிருந்து எழுந்தான்.

"அக்கா, இப்பவாவது என் தூண்டில் ஈயக்குண்டையெல்லாம் பிரிச்சுக் குடு. நான் மீன் பிடிக்கப் போகணும்."