பிள்ளைக்குத்தான் பயம்

லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. லிஃப்ட்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டி நேராகப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

பிள்ளைக்கு லிஃப்ட் என்றால் பயம் என்று வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

போக வேண்டியது ஐந்தாவது மாடிக் கண் டாக்டரிடம். போன வாரம் அம்மா கூட்டி வந்தாள். இன்று அவளுக்கு வேலை, அதனால் அப்பாவின் முறை.

அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைப் பராமரிப்பவரே அவர்தான். கயிறு, மோட்டார், பிரேக் எல்லாம் அவர் கைபட்டவை. பயமில்லாமல் ஏறலாம் என்று உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையில் இருப்பது அவருடைய கையெழுத்து. அப்பேர்ப்பட்டவரின் பெண் படியேறிப் போகிறாளே என்று வாட்ச்மேன் கிண்டல் செய்தார். மூன்றாவது மாடிப் பல் டாக்டரிடம் வரும்போதெல்லாம் செய்கிற அதே கிண்டல்தான். என்ன செய்வது, நம்ம வேலையை நம்ம பிள்ளையே நம்ப மாட்டேன் என்கிறது என்று அவரும் வழக்கம்போல் அலுத்துக்கொண்டார்.

மகள் விளையாட்டாக நொண்டியடித்துக்கொண்டே படியேறினாள்.

பயம் அவருக்குத்தான்.

லிஃப்ட்டின் கூரைமேல் ஏறி நின்று வேலை பார்க்கும்போது அவர் ராஜா. நிறுத்துகிற பொத்தான் தன் கையில் இருக்கும், தலைக்கு மேல் இடம் இருக்கும். அதே பெட்டிக்கு உள்ளே நின்றால், இரண்டு கதவும் மூக்குக்கு எதிரே வந்து சேர்வதற்குள் வெளியே பாய்ந்துவிடுவார். உள்ளே நின்று ஓட்டிப் பார்க்கிற வேலையைக் கூட இருப்பவர் தலையில் கட்டிவிடுவார். மனைவியிடம்கூட இத்தனை வருஷமாக மூச்சு விட்டதில்லை. படியேறினால் உடம்புக்கு நல்லது என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்ததும் அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை.

வெளியே தெரிந்தால் தொழிலில் எவன் மதிப்பான்? அதைவிட, மகள் மதிப்பாளா? அந்தக் கவலைதான் அவரை அரித்தது.

படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் நடக்காத படிக்கட்டு. மற்ற கட்டடங்களில் தடவித் தடவித்தான் ஏற வேண்டியிருக்கும். அணைக்க மறந்துவிடுகிறார், கரண்டு தண்டம் என்று வாட்ச்மேனை மனதுக்குள் கடிந்துகொண்டார்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி தேவையில்லை என்று சொல்லிவிட்டார். நர்ஸ்தான் வினையாக வந்தாள். மருந்து விட்ட கண் கொஞ்ச நேரத்துக்கு மங்கலாகத் தெரியும், பிள்ளையைப் படியில் இறக்காதீர்கள் என்றாள். சொன்னதோடு விடாமல் கூடவே வந்து லிஃப்ட் பொத்தானையும் அமுக்கினாள்.

அவர் தன் பாட்டைப் பாடினார். பிள்ளைக்கு லிஃப்ட் என்றால் பயம்.

இந்தப் பிள்ளைக்கா என்று நர்ஸ் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே நாலைந்து பேர். அத்தனை பேர் காதிலும் விழும்படி அவள் சொல்லிக்கொண்டே போனாள். போன வாரம் அம்மாவோடு வந்தபோது லிஃப்ட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே அடமாம். ஏறினவர்களையெல்லாம் எந்த மாடி, எந்த மாடி என்று கேட்டு இவள்தான் பொத்தானை அமுக்கினாளாம்.

உள்ளே இருந்த ஒருவர் கதவு மூடாமல் கையை வைத்துத் தடுத்தபடி, ஏறுங்கள் என்று இடம் விட்டார்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது, மானம் கப்பலேறப் போகிறது என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கால் நகரவில்லை.

மகள் அவர் கையை உதறினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு, மாடி முழுக்கக் கேட்கும்படி அழ ஆரம்பித்தாள்.

“அம்மாகூட வந்தா எனக்குப் பயமில்ல. அப்பாகூட வந்தாதான் எனக்குப் பயம்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிள்ளையைப் போட்டு அடிக்கிறவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள். கதவைத் தடுத்தவர் கையை எடுத்துக்கொண்டார். தூக்கிக்கொண்டாவது போங்கள் என்று நர்ஸ் முறைத்துவிட்டு கிளினிக்குக்குள் போனாள்.

இவ்வளவு கெட்ட பெயர் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. இவ்வளவு நிம்மதியும் வந்ததில்லை.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். முதல் திருப்பம் தாண்டியதும் அழுகை நின்றது. கன்னத்தில் இருந்தது மருந்தின் ஈரம் மட்டும்தான்.

அவர் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

“சரியாச் சொன்னேனாப்பா? அம்மா சொல்லிக்குடுத்த மாதிரியே சொன்னேனா?”

அவர் அந்தப் படியிலேயே நின்றுவிட்டார். அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது. வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று மட்டும் மெதுவாகக் கேட்டுவிட்டு, மறுபடியும் இறங்க ஆரம்பித்தார்.

மகள் மங்கிய கண்ணுக்குக் கிட்டத்தில் கையை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். அம்மா. அத்தை. அத்தை வீட்டு மாமா. அப்பாகூட வேலை செய்கிற மாமா. அந்த மாமா வீட்டு ஆன்ட்டி. எதிர்வீட்டு அக்கா. பல் டாக்டர். பள்ளிக்கூட மிஸ். பால்காரத் தாத்தா. எண்ணிக்கொண்டே வந்தவள், கடைசி விரலில் வாட்ச்மேன் மாமாவைச் சொன்னாள். நாம் வருகிறோம் என்று பார்த்ததும் ஓடிப்போய்ப் படிக்கட்டில் லைட் போடுவாரே, அவர்தான்.

இரண்டு கை விரல்களும் தீர்ந்துவிட்டன. அப்பாவின் கையைக் கேட்டாள்.