மூன்றாவது ஒத்திகை

"உங்க அக்கா வீட்டுல இல்லையே? நல்லாப் பார்த்துட்டீங்களா?"

செருப்பைக் கழற்றும்போதே கேட்டார் நிதி ஆலோசகர்.

"இல்ல சார்" என்றாள் குட்டியின் சித்தி.

"போன தடவை மாதிரி பாதியில ஓடி வந்துட மாட்டாங்களே?"

"வர மாட்டா."

ஆலோசகருக்கு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது. கணக்கில் அவர் புலி. குட்டிக்காக அவர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. குட்டி என்றால் இருபத்தாறு வயதுக் குட்டி. பேச்சு வராது, தானாகச் சாப்பிடத் தெரியாது, அப்பாவும் இல்லை. அம்மாவின் காலத்துக்குப் பிறகு வீட்டு வாடகையும் இன்சூரன்ஸ் பணமும் ஒரு டிரஸ்டுக்குப் போகும். அவன் செலவுக்கு மாதாமாதம் வரும். சித்தி காப்பாளராக இருந்து பார்த்துக்கொள்வாள். எல்லாம் பதிவாகிவிட்டது.

ஆனால் அம்மா கையைத் தவிர வேறு யார் கையாலும் அவன் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. டிரஸ்ட் பணம் வந்து ஊட்டிவிடுமா என்ன? அதற்குத்தான் இந்த ஒத்திகை. அம்மா வெளியே போய்விட வேண்டும், சித்தி ஊட்ட வேண்டும். தன்னிடம் வருகிற இப்படிப்பட்ட குடும்பங்களையெல்லாம் ஆலோசகர் இதைச் செய்யவைத்துத்தான் விடுவார். முதல் தடவை தட்டு பறந்தது. இரண்டாம் தடவை, அவன் போட்ட கூச்சல் தாங்காமல் மாடிப்படியில் ஒளிந்திருந்த அம்மாவே ஓடி வந்துவிட்டாள்.

"இன்னைக்கும் சாப்பிடலைன்னா காப்பகம்தான். மனசைக் கல்லாக்கிக்கங்க."

சித்தி தட்டை எடுத்து வந்தாள். கண் இரண்டும் சிவந்து, தலைகூட வாராமல் நின்றாள். ராத்திரி முழுக்க இதே கவலையில் தூங்கியிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பாவமாகவும் இருந்தது.

குட்டி வாசலைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். சித்தி ஸ்பூனை நீட்டினாள். தட்டிவிட்டான். மறுபடி நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தான்.

யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரரும் கூட இரண்டு பேரும். சித்தி கதவை ஒருக்களித்துத் திறந்து, "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க. அவன் சாப்பிடட்டும்" என்று அடங்கிய குரலில் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று ஆலோசகர் மெச்சிக்கொண்டார்.

திரும்பி வந்தவள் எதிரே உட்காரவில்லை. அவன் பக்கத்தில் தரையில் சரிந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள். முன்பெல்லாம் "என் ராஜால்ல, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சிக் கூத்தாடியவள், இன்று வாயே திறக்கவில்லை. கையில் ஸ்பூனைப் பிடித்தபடி இருந்தாள், அவ்வளவுதான்.

ஆலோசகருக்குப் பொறுமை போயிற்று. "ஏதாவது பேசுங்கம்மா. இப்படி உம்முனு இருந்தா அவன் எப்படிச் சாப்பிடுவான்?"

கத்தல் மெல்ல அடங்கியது. குட்டி அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தான். பிறகு நகர்ந்து வந்து அவள் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தான்.

ஒரு வாய். இன்னொரு வாய். தட்டு காலியாயிற்று. ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனை கணக்குப் போட்டாலும் அவரும் மனிதர்தானே.

சித்தி அவன் வாயைத் துடைத்து, உள்ளறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஜெயிச்சுட்டீங்கம்மா" என்றார் அவர், போனைக் கையில் எடுத்தபடி. "அக்காவுக்கு நானே சொல்றேன். எங்க போயிருக்காங்க?"

சித்தி துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னா சார். விடியறதுக்குள்ள போயிட்டா. ஆஸ்பத்திரியிலேர்ந்து அவளைக் கொண்டு வர்றதுக்குள்ள இவன் வயித்துக்கு ஏதாவது போயாகணுமேன்னுதான், உங்ககிட்டகூடச் சொல்லாம இருந்தேன்."